விலா முறிஞ்சு நுரையீரல் அடிபட்ட பிறகு நான் பாவிச்ச கஞ்சா எண்ணெய்: என்ர ரிவியூ

முதல்லயே சொல்லிப் போடுறன், இது புகைக்கிற சாமானைப் பற்றின ரிவியூ இல்லை. வாயால எடுக்கிற எண்ணெய். 30 மில்லி போத்தல், ஒரு மில்லிலீட்டருக்கு ரி.எச்.சி (கஞ்சாவில போதை ஏத்திற சத்து) 10 மில்லிகிராம், சி.பி.டி (போதை ஏத்தாத சத்து) 10 மில்லிகிராம். இஞ்ச கனடாவில டொக்டரிட்ட பத்திரம் எடுத்து, லைசென்ஸ் உள்ள கம்பனி ஒண்டில பதிஞ்சு, தபால்ல எடுப்பிச்சது. கம்பனிப் பேர் போடேல்லை, ஏனெண்டா இதே அளவில இதே மாதிரி எண்ணெய் கன கம்பனி செய்யுது, பேரைப் பாத்து வாங்கிறதை விட போத்தல்ல என்ன அளவு எழுதிக் கிடக்கு எண்டு பாத்து வாங்கிறதுதான் முக்கியம். ரொறொன்ரோவின்ர ஸ்காபரோவில எங்கட ஆக்கள் கன பேர் இதைப் பற்றி மெல்லமா ஒராளை ஒராள் கேக்கினம், ஆனா தமிழில ஒரு இடத்திலயும் வடிவா எழுதிக் கிடக்கேல்லை, அதான் எழுதுறன்.

போன மாரியில ஐஸ் றோட்டில கார் சறுக்கி இடப்பக்க விலா எலும்புகள் முறிஞ்சு, அதில ஒண்டு நுரையீரலைக் குத்தி, காத்து நெஞ்சுக்கூட்டுக்குள்ள போய் நுரையீரல் சுருங்கிப் போச்சு. நியூமோதொராக்ஸ் எண்டு சொல்லுவினம். விலாவுக்குள்ளால செஸ்ட் டியூப் போட்டு அந்தக் காத்தை வெளியில எடுத்தவை. நுரையீரல் திரும்ப விரிஞ்சுது, எக்ஸ்ரேயும் நல்லா வந்தது, ஆனா நோ மட்டும் போகேல்லை. எலும்பு நோ ஒரு பக்கம், டியூப் போட்ட இடத்தைச் சுத்தி எரியிற மாதிரியும் திடீரெண்டு கரண்ட் அடிக்கிற மாதிரியும் வாற நோ இன்னொரு பக்கம். விலாவுக்குக் கீழால ஓடுற நரம்பு அடிபட்டதால வாறது எண்டு டொக்டர் சொன்னவ. எலும்பு பொருந்தின பிறகும் இது நிண்டு பிடிக்குமாம்.

நெஞ்சு அடிபட்டாக்களுக்கு நோ எண்டது சும்மா நோ இல்லை. நொந்தா ஆழமா மூச்சு இழுக்க மாட்டியள், இருமவும் பயம், சளி உள்ளுக்கயே தேங்கும், நுரையீரலின்ர அடிப்பக்கம் விரியாமல் கிடந்து பேந்து நியூமோனியாவில கொண்டு போய் விடும். அதுக்குத்தான் ஒஸ்பிற்றல்ல ஸ்பைரோமீற்றர் எண்ட, மூச்சை இழுக்க உள்ளுக்க பந்து மேல ஏறிற பிளாஸ்ரிக் சாமானைத் தந்து மணித்தியாலத்துக்குப் பத்துத் தரம் இழு, இருமேக்க தலைகணியை நெஞ்சோட அணைச்சுப் பிடி எண்டு திரும்பத் திரும்பச் சொல்லுறவை. அப்ப நோவைக் குறைக்கிற மருந்து எடுக்கிறது செல்லம் இல்லை, அது நுரையீரலைக் காப்பாத்திற வைத்தியம். "நோவைத் தாங்கிக் கொண்டு இரு, பழகிப் போகும்" எண்டு சொல்லுற ஆக்களின்ர கதையைத் தயவு செய்து கேக்காதேங்கோ.

முதல் கிழமைகள்ல தைலனோல் (பரசிற்றமோல்), நப்றொக்சன் எண்ட நோக் குளிசை, அதுக்கு மேல மோர்பின் வகையில கடுமையான ஹைட்றோமோர்போன் தந்தவை. ஹைட்றோமோர்போன் நல்லா வேலை செய்யும், அதில கதை இல்லை. ஆனா அது மூச்சு விடுற வேகத்தையும் குறைக்கும், இருமலையும் அமத்தும், வயிறு கல்லாப் போகும், முக்கினா விலா பிளக்கிற மாதிரி நோகும். பழக்கமாகிப் போற பயம் வேற. அதை நிப்பாட்டின பிறகு பகல் ஒரு மாதிரிப் போச்சு, இரவுதான் பிரச்சினை. இடப்பக்கம் சரிஞ்சா நோ, நிமிந்து படுத்தா மூச்சு முட்டுது, சாமத்தில எழும்பிக் கதிரையில இருந்து விடியிறது. நரம்பு நோவுக்குத் தந்த கபபென்ரின் எனக்குத் தலை கிறுகிறுத்ததே தவிர நோ பெரிசா இறங்கேல்லை. அப்பதான் குடும்ப டொக்டரிட்ட நேரடியாக் கேட்டனான், கஞ்சா எண்ணெய் எனக்கு சரிவருமா எண்டு.

அவ முதல் சொன்ன விஷயத்தை இஞ்ச பெரிசா எழுதுறன்: நுரையீரல் அடிபட்ட ஆள் புகைக்கவும் கூடாது, வேப்பும் (சூடாக்கி ஆவியா இழுக்கிறது) பண்ணக் கூடாது. கஞ்சாப் புகை எண்டாலும் எரியிற இலையின்ர புகைதான், தார் இருக்கு, ஆறிக் கொண்டிருக்கிற நுரையீரலை அரிக்கும், இருமலைக் கிளப்பும், முறிஞ்ச விலாவோட இருமிப் பாத்தவைக்குத் தெரியும் அது என்ன எண்டு. அதோட இந்தப் புகையை ஆக்கள் ஆழமா இழுத்து உள்ளுக்க பிடிச்சு வைச்சிருக்கிறவை, அந்த அழுத்தத்தில நுரையீரல் திரும்ப ஓட்டையாகலாம். "வேப் எண்டா புகை இல்லைத்தானே" எண்டு கேக்கிறாக்களுக்கு 2019 அமெரிக்காவை ஞாபகப்படுத்துறன். வேப்பால நுரையீரல் பாதிச்சு 2020 பெப்ரவரி நடுப்பகுதி வரைக்கும் 2807 பேர் ஒஸ்பிற்றல் கேஸ், 68 பேர் செத்தவை. கன கேஸ்ல ரி.எச்.சி வேப்புக்குள்ள கலந்த வைற்றமின் ஈ அசிற்றேற்தான் காரணம் எண்டு கண்டுபிடிச்சவை, அந்தச் சாமான் கூடுதலா லைசென்ஸ் இல்லாத ஆக்களிட்ட வாங்கினது. லைசென்ஸ் உள்ள கடையில வாங்கினா அந்தப் பயம் குறைவுதான், ஆனா சூடான ஆவியை அடிபட்ட நுரையீரலுக்குள்ள விடுறதுக்கு நான் ஒரு காரணமும் காணேல்லை.

இப்ப பதியிற அலுவலுக்கு வாறன். கனடாவில 2018 ஒக்ரோபர் 17ல இருந்து கஞ்சா எல்லாருக்கும் சட்டப்படி, ஒன்ராறியோவில 19 வயசு முடிஞ்சா கடையில போய் வாங்கலாம். ஆனா மருந்துக்கு வாங்கிறது தனி வழி, அது 2001ல இருந்தே இருக்கு. டொக்டரோ நேர்ஸ் பிறக்ரிஷனரோ (மருந்து எழுத அனுமதி உள்ள நேர்ஸ்) ஒரு மெடிக்கல் டொக்கியுமென்ற் எழுதித் தரவேணும், அதில ஒரு நாளைக்கு எத்தனை கிராம் எண்டு இருக்கும், ஆகக் கூடினது ஒரு வருஷம் செல்லும். அதை லைசென்ஸ் உள்ள கம்பனிக்கு அனுப்பிப் பதிஞ்சா சாமான் வீட்டுக்கு வரும். பார்மசியில போய் வாங்கேலாது. என்ர டொக்டர் தானே எழுதாமல் கஞ்சா கிளினிக் ஒண்டுக்கு அனுப்பினவ, வீடியோவில கதைச்சது. அந்த கிளினிக்கில நேர்ஸ் நல்லாக் கதைச்சவ, என்ன மருந்து எடுக்கிறன், குடும்பத்தில ஆருக்கும் மனநோய் இருக்கோ, இருதய வருத்தம் இருக்கோ எண்டு எல்லாம் கேட்டவ, அது எனக்குப் பிடிச்சது. பிடிக்காதது, பதிவு முடிய எடுத்த நேரம். பேப்பர் ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கம் போக வர கிழமைக் கணக்காச்சு, ரெலிபோன் எடுத்தா மெசினோடதான் கதைக்க வேணும். நோவோட இருக்கிற மனிசரை இப்பிடிக் காக்க வைக்கிறது சரியே இல்லை. தமிழில விளங்கப்படுத்த ஒராளும் இல்லை, என்ர வயசில எனக்கு இங்கிலிஷ் ஓடும், என்ர அம்மா எண்டா என்ன செய்திருப்பா?

கடையில வாங்கினா என்ன எண்டு கேப்பியள். வாங்கலாம், இதே அளவு எண்ணெய் ஸ்காபரோ கடையளிலயும் இருக்கு, விலையிலயும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா கடைப் பெடியள் மருத்துவ ஆலோசனை சொல்லேலாது. "எனக்கு நுரையீரல் அடிபட்டது, எது நல்லது" எண்டு கேட்டா சொல்லுறதுக்கு அவைக்கு அனுமதி இல்லை. மற்றது வருமான வரியில மெடிக்கல் செலவாக் காட்டிறதெண்டா பதிஞ்ச கம்பனியில பத்திரத்தோட வாங்கினதுதான் செல்லும், கடை ரசீது செல்லாது.

போத்தல் ஒரு சாதாரண மண்ணிறப் போத்தல், பெட்டியில மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு எட்டுமூலைக்குள்ள இலைப் படம். மூடி சின்னப் பிள்ளையள் திறக்கேலாத மாதிரி, அமத்தித் திருப்ப வேணும். ஒரு கையால அமத்தேக்க எனக்கு விலாவில சுள்ளெண்டுது, மனிசிதான் திறந்து தாறவ. உள்ளுக்க அளவு கோடு போட்ட ஊசி இல்லாத சிரிஞ்ச். தேங்காயெண்ணெயில இருந்து பிரிச்ச எம்.சி.ரி எண்ணெயிலதான் கலந்து கிடக்கு, ருசி பச்சைப் புல்லுக் கசப்பு, பாணில விட்டுச் சாப்பிட்டா தெரியாது. வீட்டில மணமே இல்லை, பேஸ்மென்ற்ல வாடகைக்கு இருக்கிறாக்களுக்கு இது பெரிய ஆறுதல்.

வேலை செய்ததா? ஓம், ஆனா நான் எதிர்பாத்த மாதிரி இல்லை. நேர்ஸ் சொன்னபடி இரவில கால் மில்லிலீட்டர், அதாவது ரி.எச்.சி 2.5 மில்லிகிராம், அதில துடங்கி மெல்ல மெல்லக் கூட்டி அரை மில்லிலீட்டர்ல நிப்பாட்டினனான். நோ மறையேல்லை. நோ அங்கதான் இருக்கு, ஆனா அது என்னைப் பிடிச்சு உலுப்பிறது குறைஞ்சுது. அந்த கரண்ட் அடிக்கிற நோ வந்தாலும் உடம்பு முழுக்க இறுகேல்லை, இறுகாததால மூச்சு கொஞ்சம் ஆழமாப் போச்சு. பெரிய மாற்றம் நித்திரை. சாமத்தில எழும்பிக் கதிரைக்குப் போறது நிண்டுது. இரவு நித்திரை கொண்டா விடிய எழும்பி ஸ்பைரோமீற்றர் இழுக்கவும் பிஸியோ சொன்ன எக்சர்சைஸ் செய்யவும் தெம்பு வருது, பந்து முன்னம் ஏறாத கோட்டுக்கு ஏறிச்சுது. அந்த உயரத்தை எண்ணெய் நேரா ஏத்தினது எண்டு நான் சொல்ல மாட்டன், நித்திரைதான் ஏத்தினது. ஆனா நித்திரையைத் தந்தது எண்ணெய்.

பகலில எடுத்துப் பாத்தது எனக்குச் சரிவரேல்லை, வாய் காய்ஞ்சு தலை மந்தமா, கதைச்சுக் கொண்டிருக்கேக்க சொல் மறந்து போகுது. பகலுக்குத் தைலனோலே போதும்.

இதின்ர பெரிய குறை, மெதுவா ஏறும். அரை மணித்தியாலத்தில இருந்து ரெண்டு மணித்தியாலம் வரைக்கும் ஒண்டும் தெரியாது, முழுசா ஏற நாலு மணித்தியாலமும் ஆகலாம், பேந்து 12 மணித்தியாலம் வரைக்கும் நிக்கும். வயித்துக்கால போற ரி.எச்.சியை ஈரல் இன்னும் கடுமையான ஒண்டா மாத்துது, அதால புகையை விட இது பிந்தி வந்தாலும் பலமா வரும், கன நேரம் இருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒராள் கஞ்சா கலந்த கம்மி இனிப்புச் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில ஒண்டும் தெரியேல்லை எண்டு இன்னொண்டு போட்டு, இரவு முழுக்க நெஞ்சு படபடத்து எமர்ஜென்சிக்குப் போனவர். எடுத்தா அந்த இரவுக்கு அவ்வளவுதான், ரெண்டாந்தரம் கிடையாது. இரவுச் சாப்பாட்டோட ஒரே நேரத்துக்கு எடுத்தா ஓரளவு ஒரே மாதிரி வேலை செய்யுது, வெறும் வயித்தில ஒரு நாளைக்கு ஒரு மாதிரி.

ஆராய்ச்சி என்ன சொல்லுது எண்டும் பாத்தனான். 2021ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்ல வந்த வழிகாட்டல், நாட்பட்ட நோவுக்கு மற்ற மருந்து போதாட்டி புகைக்காத கஞ்சா மருந்தை முயற்சி செய்து பாக்கலாம் எண்டு சொல்லுது, ஆனா அதைப் பலவீனமான பரிந்துரை எண்டுதான் போட்டிருக்கு, ஏனெண்டா கிடைக்கிற பலன் சின்னது. அதே வருஷம் நோ ஆராய்ச்சிக்கான சர்வதேச சங்கம் தாங்கள் இதை ஆதரிக்கேல்லை எண்டு அறிக்கை விட்டது. ரெண்டையும் வாசிச்சுப் போட்டு என்ர அனுபவத்தோட ஒட்டிப் பாத்தா முதலாவதுதான் எனக்குப் பொருந்துது: சின்னப் பலன், ஆனா எனக்கு அந்தச் சின்னது தேவைப்பட்டது. புதுசா முறிஞ்ச முதல் நாளுகள் நோவுக்கு இது காணாது, அந்த நேரம் ஒஸ்பிற்றல் மருந்தையே எடுங்கோ.

மாமிக்கு முதல் பயம். மருமகன் கஞ்சா எடுக்கிறான் எண்டு சனம் கதைக்கும் எண்டு அவவுக்குக் கவலை. போத்தலையும் டொக்டர் பேப்பரையும் காட்டி விளங்கப்படுத்தினன். ஊரில சித்த வைத்தியர் லேகியத்தில சேக்கிறதெண்டு தான் கேள்விப்பட்டது எண்டு பேந்து அவவே சொன்னவ. இப்ப நேரத்துக்கு எடுத்தனானோ எண்டு அவதான் கேக்கிறா.

கவனிக்க வேண்டியது சிலது இருக்கு. ஹைட்றோமோர்போன், நித்திரைக் குளிசை, மதுசாரம் இதுகளோட சேத்து எடுத்தா மயக்கம் கூடும், நெஞ்சு அடிபட்ட ஆளுக்கு மூச்சு மெதுவாகிறது ஆபத்து. இரத்தம் உறையாமல் இருக்கத் தாற வார்ஃபரின் எடுக்கிறாக்கள் கட்டாயம் டொக்டரிட்டச் சொல்ல வேணும், சி.பி.டி அந்த மருந்தை உடம்பில கூட நிக்க விட்டு இரத்தம் போற அபாயத்தைக் கூட்டும். வயசானாக்கள் இரவில எழும்பேக்க தலை சுத்தி விழலாம், ஆறின விலா திரும்ப முறியும். எடுத்திட்டுக் கார் ஓடேலாது, ஒரு மில்லிலீட்டர் இரத்தத்தில ரி.எச்.சி 2 நனோகிராம் இருந்தாலே குற்றம், மருந்துப் பத்திரம் இருக்கெண்டு பொலிஸ் விடாது. எல்லாத்தையும் விட முக்கியம், திடீரெண்டு மூச்சு முட்டினாலோ நெஞ்சு ஒரு பக்கம் கூர்மையாக் குத்தினாலோ அது எண்ணெய் எடுத்துச் சமாளிக்கிற நோ இல்லை, உடன 911 அடியுங்கோ.

விலை எனக்குக் கட்டுப்படி. இரவுக்கு அரை மில்லிலீட்டர் எண்டா ஒரு போத்தல் ரெண்டு மாசம் கிட்ட வரும். ஆனா ஓஹிப் (ஒன்ராறியோ அரசாங்க மருத்துவக் காப்புறுதி) ஒரு சதமும் தராது, என்ர வேலை இடத்து இன்சூரன்சும் தரேல்லை. வருத்தக்காரர் மருந்தா வாங்கிறதுக்கும் ரி.எச்.சி மில்லிகிராமுக்கு ஒரு சதம் எக்சைஸ் வரி, மேல எச்.எஸ்.ரி எண்ட விற்பனை வரி. டொக்டர் எழுதித் தாற மற்ற மருந்துகளுக்கு விற்பனை வரி இல்லாத நாட்டில இது அநியாயம்.

எண்ணெய்க்கு 5க்கு 4. பதிவு சேவைக்கு 5க்கு 2, அந்த நேர்சுக்காகத்தான் அந்த ரெண்டும்.

இன்னொண்டு, கோடைக்கு ஊருக்குப் போற யோசனையில இருக்கிறாக்களுக்கு. கனடாவுக்கு வெளியில இதைக் கொண்டு போறதும் வெளியில இருந்து கொண்டு வாறதும் குற்றம், டொக்டர் பேப்பர் இருந்தாலும் குற்றம், கொழும்பு எயார்போட்ல பிடிபட்டா இன்னும் பெரிய பிரச்சினை. அதோட நுரையீரல் சுருங்கின ஆக்கள் பிளேன் ஏற முதல் எக்ஸ்ரே எடுத்து டொக்டரிட்ட ஓம் எண்டு கேக்க வேணும், அப்பிடிக் கேக்கப் போகேக்கயே, அந்தக் கிழமையளுக்கு இரவு நோவுக்கு எண்ணெய்க்குப் பதிலா எந்தக் குளிசை எண்டும் கேட்டு எழுதி எடுத்துக் கொண்டு வாங்கோ.