‘பத்திரப்படுத்தித் தருகிறோம்’ என்பவரிடம் ஆக்‌ஷன் ஃபிகர்களைக் கொடுக்கும் முன்

ஜி.ஐ. ஜோ என்னும் பழைய படைவீரர் பொம்மை உருவங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், அவற்றைச் சுத்தம் செய்து உறையிட்டுத் தருவதாகச் சொல்லும் எவரிடமும் ஒப்படைக்கும் முன்பு, எனக்கு நேர்ந்ததை ஒருமுறை படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் கொடுத்தவை 24. அவற்றில் 15 இனிப் பழைய நிலைக்குத் திரும்பப் போவதில்லை.

பெரும்பாலானவை, எம்ஆர்எஃப் நிறுவனமும் அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் இங்கே தயாரித்தவை. தொண்ணூறுகளில் அப்பா ஒவ்வொன்றாக வாங்கித் தந்தார். ஒன்று மட்டும் ஹாஸ்ப்ரோ 1984இல் வெளியிட்ட, வெள்ளை உடை அணிந்த ஸ்டார்ம் ஷேடோ என்ற நிஞ்சா உருவம். சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. மூன்றே முக்கால் அங்குல உயரமுள்ள இந்த உருவங்களின் மேலுடலையும் கால்களையும் உள்ளே இருக்கும் ஒரு கறுப்பு ரப்பர் வளையம்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது. நாளாக ஆக ரப்பர் இற்று அறுந்து, இடுப்புக்குக் கீழே எல்லாம் தனியாகக் கழன்றுவிடும். ஒரே ஆண்டில் 11 உருவங்கள் அப்படிக் கழன்றபோதுதான் பதறிப்போய் ஆள் தேடினேன்.

சென்னையில் ஒருவர் கிடைத்தார். வளையம் மாற்றி, மஞ்சளேறிய பிளாஸ்டிக்கை வெண்மையாக்கி, ‘அருங்காட்சியகத் தர’ பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் சீல் வைத்துத் தர உருவத்துக்கு 400 ரூபாய் வீதம் 9,600 ரூபாய் வாங்கினார். கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தார்: 18 மாதங்களுக்குள் உறையைப் பிரித்தால் உத்தரவாதம் செல்லாது. அந்த நிபந்தனையை அப்போது நான் அக்கறையின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன். உள்ளே நடந்துகொண்டிருந்த சேதம் என் கண்ணில் படாமல் காத்தது அதுதான் என்பது இப்போது புரிகிறது.

பதினான்காம் மாதம், மே வெயிலில் அலமாரியைத் திறந்தபோது உறைகளின் உட்புறம் எண்ணெய் பூசியதுபோல மினுமினுத்தது. ஒன்றைப் பிரித்தேன். பிளாஸ்டிக் திரை வாசனை அடித்தது. உருவத்தின் மார்பிலிருந்த வர்ணம் உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கையில் செருகியிருந்த துப்பாக்கி தொடையில் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது.

காரணம் அந்த உறைதான். சொன்னபடி அது பாலிப்ரொப்பிலீன் அல்ல, மென்மையான பிவிசி என்ற வேறு பிளாஸ்டிக். மென்மையான பிவிசியை வளையும்படி வைத்திருப்பது பிளாஸ்டிசைசர் எனப்படும் எண்ணெய் போன்ற சேர்மானம். அது பிவிசியோடு வேதிப்பிணைப்பு கொண்டதன்று. வெப்பத்திலும் காலப்போக்கிலும் மேற்பரப்புக்குக் கசிந்து, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் வர்ணத்தையும் வேறு பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். பாலிப்ரொப்பிலீனில் இந்தச் சேர்மானம் கிடையாது என்பதால்தான் சேகரிப்பாளர்கள் அதைக் கேட்டு வாங்குகிறோம்.

எனக்குக் கொடுத்தது பாலிப்ரொப்பிலீனா என்று பார்ப்பதற்கு ஒரு கிண்ணம் தண்ணீர் போதுமானதாக இருந்தது. உறையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, காற்றுக்குமிழி ஒட்டாதபடி விரலால் தேய்த்து நீருக்குள் விட்டேன். பாலிப்ரொப்பிலீனும் பாலித்தீனும் தண்ணீரைவிட இலேசானவை, மேலே வந்துவிடும். என் துண்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பாலியெஸ்டர் உறையும் மூழ்கத்தான் செய்யும், அது பாதுகாப்பானதே; ஆனால் அது மொடமொடவென்று விறைப்பாக இருக்கும், வாசனையும் இராது. இந்தச் சோதனையைப் பணம் கொடுப்பதற்கு முன்பே, ஒரு காலி உறையைக் கேட்டு வாங்கி நான் செய்திருக்க வேண்டும்.

ஸ்டார்ம் ஷேடோவின் கதை வேறு. அதை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுத்திருக்கிறார். கையில் வாங்கியபோது புதிதுபோல இருந்தது. இப்படி வெளுத்த பிளாஸ்டிக் மறுபடி மஞ்சளேறக்கூடும் என்பதை அவர் சொல்லவில்லை. இப்போது தோளும் முதுகும் திட்டுத்திட்டாக மஞ்சளித்திருக்கின்றன. சீராக மஞ்சளேறிய பழைய நிறமே எவ்வளவோ மேல்.

ரப்பர் வளையங்களை அவர் சரியாகவே மாற்றியிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இரண்டு உருவங்களில் முதுகுத் திருகை அளவுக்கு மீறி முடுக்கியதால் பிளாஸ்டிக் விரிசல் விட்டிருக்கிறது.

கேட்டதற்கு, உங்கள் வீட்டுச் சூடுதான் காரணம் என்றார். சூடு இந்தக் கசிவை விரைவுபடுத்தும் என்பது உண்மை. ஆனால் அவரும் சென்னையில்தான் இருக்கிறார், இந்த வெயிலைத் தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார். உறையைப் பிரித்துவிட்டதால் உத்தரவாதம் போயிற்று என்று சொன்னபின் அவர் பேசவில்லை. ரசீதும் தரவில்லை, பணம் அனுப்பிய பதிவையும், ‘பாலிப்ரொப்பிலீன்’ என்று அவரே எழுதிய வாட்ஸ்அப் செய்தியையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன்.

எஞ்சியவற்றை வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்மையான தூரிகையால் கழுவினேன். முதுகிலுள்ள இரும்புத் திருகு துருப்பிடிக்கும் என்பதால் திருகைக் கழற்றிவிட்டே கழுவி, பாகங்களை நன்றாக உலர்த்தினேன். தின்னரும் அசிட்டோனும் பக்கத்திலேயே வரக்கூடாது. இப்போது ஆயுதங்களைக் கையில் செருகாமல், ஒன்றையொன்று தொடாதபடி, பாலிப்ரொப்பிலீன் தட்டுகளில், வெளிச்சம் படாத கீழ் அலமாரியில் வைத்திருக்கிறேன். தளத்துச் சூடு இறங்கும் பரணில் எதையும் வைப்பதில்லை.

இதுபோன்ற சீல் வைத்த உறை உங்களிடமும் இருந்தால், உத்தரவாதத்தைப் பார்க்காமல் இன்றே பிரித்துவிடுங்கள். இழுத்து உரிக்காமல் ஓரங்களைக் கத்தரியால் வெட்டுங்கள். வர்ணத்தில் ஒட்டிய பகுதியைச் சுற்றி நறுக்கிக் கடைசியில் தனியாக மெல்ல எடுங்கள். முதல் உருவத்தில் நான் இழுத்துவிட்டேன்.