லோயாங் சான்சாய் குதிரை நகல்: தாராளமாக வாங்கலாம், ஆனால் பார்த்து

சீனாவின் தாங் அரசமரபுக் காலக் (618–907) கல்லறைகளில் வைத்த சான்சாய் (‘மூன்று நிறம்’, பல நிற மெருகுப்பூச்சுள்ள சுடுமண்) குதிரை உருவங்களுக்கு, லோயாங் அருகே நான்ஷிஷான் கிராமத்து நகல்கள் நல்ல தேர்வு. வெண்களிமண்ணை அச்சில் அழுத்தி, 1,000 டிகிரி செல்சியஸை ஒட்டி ஒருமுறை சுட்டு, ஈயம் கலந்த மெருகுப்பூச்சுக்குப் பின் 800–900 டிகிரியில் மறுபடி சுடுவது வழக்கம். பூச்சு உருகி வழிந்து, இரும்பு தரும் பழுப்பும் செம்பு தரும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று கலக்க வேண்டும். அந்த வழிசலில்தான் இதன் அழகே இருக்கிறது. கோடு கிழித்ததுபோல் நிறங்கள் பிரிந்து நின்றால் அது வெறும் பெயின்ட், வேண்டாம்.

மனித உருவங்களின் முகத்தில் பூச்சு இல்லாதது குறையல்ல. கண்ணும் புருவமும் வழிந்துவிடும் என்பதால் அன்றும் சுட்ட பிறகே முகத்தைத் தீட்டினார்கள்.

பார்சலில் முதலில் முறிவது கால்கள். வயிற்றுக்கடியில் நுரைத்தாங்கல் கேளுங்கள். இதே பூச்சுள்ள கிண்ணங்களில் உணவு, முக்கியமாகப் புளிப்பு, வைக்கவே கூடாது: ஈயம் கசியும்.