வட்டியில் பிடிக்கும் வரி: முன்கூட்டித் தடுப்பதா, பிறகு கேட்டு வாங்குவதா?

கொழும்பில் ஓய்வுபெற்ற பலருக்கு மாத வரவு என்பது நிலையான வைப்பின் வட்டிதான். அந்த வட்டியில் வங்கி பிடிக்கும் முற்பண வருமான வரி, 2025 ஏப்ரல் 1 முதல் 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்ந்தது. அதே நாளில் தனிநபர் வரி விடுபாடும் ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாவிலிருந்து 18 இலட்சமானது. இதனால், ஒரு சதமும் வரி கட்ட வேண்டாதவர்களின் வட்டியிலும் பத்தில் ஒரு பங்கு போகிறது.

வெள்ளவத்தையில் ஒருவர் 1 கோடி ரூபாவை 8 வீத வட்டிக்கு வைத்திருக்கிறார், வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 8 இலட்சம். வங்கி பிடிப்பது 80,000 ரூபா. அவர் கட்ட வேண்டிய வரியோ பூச்சியம்.

அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று வங்கியில் சுய பிரகடனம் கொடுத்தால், வங்கி வரியைப் பிடிக்காது. கொடுக்காவிட்டால், ஆண்டு முடிந்ததும் விபரத்திரட்டை, அதாவது ஆண்டு வருமானத்தையும் பிடிக்கப்பட்ட வரியையும் காட்டும் படிவத்தை, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் சமர்ப்பித்து 80,000 ரூபாவைத் திருப்பிக் கேட்கலாம். என் கணிப்பில் இங்கே போட்டியே இல்லை, பிரகடனம்தான் சிறந்தது. மீளளிப்பைத் திணைக்களம் சரிபார்த்த பின்னரே தரும். அதுவரை மருந்துச் செலவுக்கு வேண்டிய பணம் முடங்கிக் கிடக்கும். எழுபது வயதைக் கடந்தவர்களை அப்படிக் காத்திருக்க வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் பிரகடனம் பழைய பிடித்தத்தைத் தீர்க்காது. ஒரு மாதம் பிடித்த வரியை வங்கி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் திணைக்களத்துக்கு அனுப்பிவிடும். பிறகு வங்கி முகாமையாளரிடம் மன்றாடிப் பயனில்லை, விபரத்திரட்டுத்தான் வழி. பல வங்கிகளில் வைப்பு வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றிலும் தனித்தனியே பிரகடனம் கொடுக்க வேண்டும்.

சம்பளக்காரர்களுக்குக் கணக்கு வேறு. மாதம் 2 இலட்சம் வாங்கிய ஒருவர் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை வேலை செய்து, பின்னர் வேலையை இழந்தார் என்போம். மாதம் 150,000 ரூபாவுக்கு மேற்பட்ட 50,000க்கு 6 வீதம், அதாவது 3,000 ரூபா, சம்பளத்தில் பிடிக்கப்பட்டிருக்கும். ஆறு மாதங்களில் 18,000. ஆண்டு வருமானம் 12 இலட்சம்தான் என்பதால் அவ்வளவும் அவருக்குச் சேர வேண்டிய பணம். விபரத்திரட்டைத் தவிர வேறு வழியில்லை. இதற்கு, சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டி வேலை கொடுத்தவர் வழங்கும் ரி-10 சான்றிதழ் அவசியம். விலகும் நாளிலேயே கேட்டுவிடுங்கள், பின்னர் அலைய வேண்டியிராது.

அவர் வேலையை இழக்காமல், அந்த 8 இலட்சம் வட்டியும் பெற்றால்? மொத்தம் 32 இலட்சம், விடுபாடு போக 14 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், மீதி 4 இலட்சத்துக்கு 18 வீதம், ஆக 132,000 ரூபா வரி. சம்பளத்தில் 36,000, வட்டியில் 80,000 ஏற்கெனவே போய்விட்டது. இரண்டையும் வரவாகக் கழித்து 16,000 கட்டினால் போதும். இவர் பிரகடனம் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அது பொய். பங்கிலாபத்தில் பிடிக்கும் 15 வீதம் இறுதி வரி. அதை இந்தக் கழிப்பில் சேர்க்க முடியாது.

கணக்காளரை வைக்க வேண்டுமா? வட்டியும் சம்பளமும் மட்டும் என்றால் வேண்டாம். வரி செலுத்துநர் அடையாள இலக்கமும் வங்கியின் வரிச் சான்றிதழும் கையில் இருந்தால் இணையத்தில் நீங்களே சமர்ப்பிக்கலாம். சந்தேகத்துக்குத் திணைக்களத்தின் 1944 தொலைபேசி இலக்கம் உண்டு. வாடகை, வியாபாரம், வெளிநாட்டு வருமானம் உள்ளவர்கள் பணம் கொடுத்து ஆலோசனை பெறுவது நல்லது.

2025/26 மதிப்பீட்டாண்டின் (2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை) மீதி வரிக்கு 2026 செப்டெம்பர் 30, விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள்.