நவம்பரில் மூன்று இரவு: வியன்னாவா, புடாபெஸ்டா, செவில்லாவா?

அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முன் போகிறீர்களா, பின் போகிறீர்களா? இலையுதிர் காலத்தில் ஐரோப்பிய நகரம் ஒன்றுக்கு நீண்ட வார இறுதி போக நினைப்பவர்கள் ஊரின் பெயரைத் தேடுவதற்கு முன் இதைத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த ஞாயிறு விடியற்காலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். விமான நிறுவனங்களின் குளிர்கால அட்டவணையும் அதே நாளில் தொடங்குகிறது. செப்டம்பரில் தினமும் பறந்த நேரடி விமானம் நவம்பரில் வாரத்துக்கு இரண்டு முறையாகச் சுருங்கியிருக்கலாம், இல்லாமலே போயிருக்கலாம். 2026இல் அந்த நாள் அக்டோபர் 25.

அந்த ஞாயிறுக்குப் பின் போகிறவர்கள் எண்ண வேண்டியது நாள்களை அல்ல, வெளிச்சத்தை. நவம்பர் 7 வாக்கில் புடாபெஸ்டில் சூரியன் மாலை 4.20க்கே மறைந்துவிடும். வியன்னாவில் 4.25. நான்காவதாக ஒப்பிடும் லிஸ்பனில் 5.30. ஸ்பெயினின் செவில்லாவில் 6.20. புடாபெஸ்டுக்கும் செவில்லாவுக்கும் கடிகாரம் ஒன்றுதான், ஆனால் செவில்லா தீர்க்கரேகையில் சுமார் 25 பாகை மேற்கே கிடக்கிறது. அதனால்தான் இந்த இரண்டு மணி நேர வித்தியாசம். அதற்கான விலையைக் காலையில் கொடுக்க வேண்டும்: செவில்லாவில் எட்டு மணி ஆகும்போதுதான் விடிகிறது. விடுமுறையில் தாமதமாக எழுபவர்களுக்கு அது நஷ்டமே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரைக்கு விமானம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செவில்லாவில் பையை அறையில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் வெயிலில் நடக்கலாம். புடாபெஸ்டில் விமான நிலையப் பேருந்து நகருக்குள் நுழையும்போதே தெருவிளக்கு எரிந்திருக்கும்.

வெளிச்சம் குறைவு என்பதற்காகப் புடாபெஸ்டை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இருட்டில் என்ன செய்யக் கிடைக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. அதில் நகரங்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன.

புடாபெஸ்ட்: இருட்டுக்கு ஏற்ற ஊர்

தன்யூப் ஆற்றின் இரு கரையும் விளக்கேற்றியபின் பார்க்க வேண்டியவை. பெஸ்ட் பக்கக் கரையோரமாக ஓடும் 2ஆம் எண் டிராமில் சாதாரண டிக்கெட்டிலேயே நாடாளுமன்றம், சங்கிலிப் பாலம், எதிர்க்கரைக் கோட்டை எல்லாம் கடந்து போகலாம். படகுச் சவாரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இந்த டிராமில் ஒரு தடவை போய்வருவது நல்லது. பலருக்கு அதுவே போதும்.

வெந்நீர்க் குளியலுக்கும் குளிர்தான் பொருத்தம். 1913இல் திறந்த செச்சேனி குளியலகத்தின் திறந்தவெளிக் குளங்களில் மிகச் சூடானது 38 பாகை செல்சியஸ் வரை இருக்கும். வெளிக்காற்று பத்துப் பாகைக்குக் கீழே இறங்கினால் நீராவி எழுந்து எதிரில் இருப்பவர் முகம் மறையும். அக்டோபர் தொடக்கத்தில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி அவ்வளவாகக் கிடைக்காது. சனி, ஞாயிறு நண்பகலில் நெரிசல் மிகுதி. காலை ஏழு, எட்டு மணிக்கே போய்விடுங்கள், இல்லையென்றால் இரவு கடைசி இரண்டு மணி நேரம். ரப்பர் செருப்பும் துண்டும் கையோடு இருக்கட்டும். அங்கே வாங்கினால் விலை கூடுதல். நீச்சல் குளத்தில் மட்டும் தலைக்குத் தொப்பி கட்டாயம். பிள்ளைகளோடு போகிறவர்கள் வயதுக் கட்டுப்பாட்டைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்க வேண்டும். ருடாஸ் குளியலகம் துருக்கியர் காலத்தது. கவிமாடத்தின் கீழ் எண்கோணக் குளம். அங்கே வாரநாள்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நாள் பிரித்திருப்பார்கள், வார இறுதியில் எல்லோருக்கும் பொது. தம்பதியாகப் போகிறவர்கள் வியாழன், வெள்ளிக்குப் பதிவு செய்யும்போது அன்றைய முறையைப் பார்க்காமல் விட்டால் ஒருவர் வாசலிலேயே நிற்க நேரும். கெல்லெர்ட் குளியலகம் பழுதுபார்ப்புக்காக 2025 அக்டோபரில் மூடப்பட்டு, வேலை பல ஆண்டுகளுக்கு நீள்கிறது. பழைய பயணக் குறிப்புகளில் அது முதல் இடத்தில் இருப்பதால் இன்னும் பலர் ஏமாறுகிறார்கள்.

புடாபெஸ்டில் பணம் கரையும் இடங்கள் மூன்று. முதலாவது நாணயம். அங்கே யூரோ இல்லை, ஃபோரின்ட். ஏடிஎம்மிலோ கடைக் கருவியிலோ "உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கட்டுமா" என்று திரை கேட்கும். வேண்டாம் என்று அழுத்தி ஃபோரின்டிலேயே கழிக்கச் சொல்ல வேண்டும். மறந்தால் ஒவ்வொரு தடவையும் மோசமான மாற்று விகிதத்தில் பணம் போகும். இரண்டாவது டிக்கெட். தாள் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மெட்ரோவிலிருந்து மெட்ரோவுக்கு மாறுவது தவிர, வண்டி மாறினால் புது டிக்கெட். மெட்ரோ வாசலிலேயே பரிசோதகர்கள் நிற்பார்கள், அபராதத்தில் சலுகை கிடையாது. 72 மணி நேரப் பாஸ் எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் விமான நிலையத்திலிருந்து நேராக நகர மையத்துக்கு வரும் 100இ பேருந்தில் அந்தப் பாஸ் செல்லாது, அதற்குத் தனி டிக்கெட். மூன்றாவது உணவக பில். பத்து முதல் பதினைந்து விழுக்காடு சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அடியில் இருக்கும் வரியைப் படிக்காமல் மேலே டிப்ஸ் வைத்தால் இரண்டு முறை கொடுத்ததாகும்.

நாடாளுமன்றத்தை உள்ளே பார்க்க 45 நிமிடச் சுற்று உண்டு. வார இறுதி நேரங்கள் பல நாள்களுக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன, அதனால் விமான டிக்கெட் எடுத்த கையோடு இதையும் எடுத்துவிடுங்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியின் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு. இந்திய, இலங்கை, பிரிட்டன் கடவுச்சீட்டுக்காரர்கள் முழுத் தொகை கட்ட வேண்டும். தவறான வகையை எடுத்தவர்களை நுழைவில் நிறுத்துவார்கள்.

வியன்னா: மழைக்கு அஞ்சாத ஊர்

ஆற்றோரம் வியன்னாவுக்கு அவ்வளவு அழகு கிடையாது. நவம்பரில் நாள்கணக்கில் தாழ்வான மூட்டம் வானத்தை அடைத்துக்கொள்ளும், காற்றும் ஓயாது. ஆனாலும் மூன்று நாளும் மழை கொட்டினாலும் வீணாகாத ஊர் இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். கலை வரலாற்று அருங்காட்சியகம், ஆல்பெர்டினா, பெல்வெடேர் என்ற மூன்று அருங்காட்சியகங்களில் ஒவ்வொன்றுக்கும் அரை நாள் கொடுத்தால்கூடப் பார்த்து முடியாது. கிழமையைக் கவனித்து அடுக்குவதில்தான் சூட்சுமம். கலை வரலாற்று அருங்காட்சியகம் இந்தப் பருவத்தில் திங்களன்று மூடியிருக்கும், வியாழன் இரவு 9 வரை திறந்திருக்கும். ஆல்பெர்டினா தினமும் உண்டு. புதன், வெள்ளியில் இரவு 9 வரை. ஆக, வெள்ளி மாலை வந்து இறங்குகிறவர்கள் நேராக ஆல்பெர்டினா, திங்களன்று பெல்வெடேர் என்று வைத்துக்கொண்டால் மூடிய கதவு எதையும் தட்ட வேண்டியிராது.

அரசு இசை நாடக அரங்கில் நிற்கும் இடச் சீட்டு ஒன்று போதும், வியன்னா ஏன் வியன்னா என்று புரிய. நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள், உட்காரும் இருக்கையின் விலையில் சிறு பங்கு, அன்றைய நிகழ்ச்சிக்கு அன்றே விற்பனை. உள்ளே போனதும் முன்னாலுள்ள கம்பியில் ஒரு கழுத்துத் துண்டைக் கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது. இது அங்கே எல்லோரும் மதிக்கும் வழக்கம். கனமான மேலங்கியை உடைக் காப்பகத்தில் விட வேண்டும், ஆகவே கட்டுவதற்கு ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். பகல் முழுதும் நடந்துவிட்டுப் போகாதீர்கள்.

வானம் திறந்தால் உடனே திராட்சைத் தோட்டங்களுக்குப் போய்விட வேண்டும். டி டிராமில் நுஸ்டோர்ஃப் வரை போய், அங்கிருந்து 1ஆம் எண் நகர நடைபாதையில் 484 மீட்டர் உயரமுள்ள காலன்பெர்க் குன்றுக்கு ஏறி இறங்கினால் ஏறக்குறைய 11 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். ஏற முடியாதவர்களுக்கு ஹைலிகென்ஷ்டாட் மெட்ரோவிலிருந்து 38ஏ பேருந்து மேலே போகிறது. செப்டம்பர், அக்டோபரில் 'ஷ்டுர்ம்' கிடைக்கும்: பாதி நொதித்த புதுத் திராட்சை மது, கலங்கலாக, இனிப்பாக. இன்னும் நொதித்துக்கொண்டே இருப்பதால் புட்டியை இறுக மூடுவதில்லை. ஊருக்குக் கொண்டுவரப் பெட்டியில் படுக்க வைத்தால் துணி எல்லாம் நாசம்.

வியன்னாவின் பெரிய இடைஞ்சல் ஞாயிறு. கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். தண்ணீரும் ரொட்டியும் வேண்டுமென்றால் பெரிய ரயில் நிலையங்களிலுள்ள சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும், அங்கே வரிசை நீளம். 2026இல் அக்டோபர் 26, தேசிய நாள், திங்களன்று வருகிறது. ஞாயிறும் திங்களும் சேர்ந்து இரண்டு நாள் கடை இல்லை. அதே வார இறுதியை ஒட்டி ஹங்கேரியில் அக்டோபர் 23, வெள்ளிக்கிழமை விடுமுறை. நவம்பர் 1 நான்கு நாடுகளிலும் விடுமுறை. பொருள் வாங்கப் போகிறவர்கள் இந்தத் தேதிகளைத் தவிர்க்க வேண்டும். சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு இழப்பு குறைவு.

வழக்கமாக விமான நிலையத்திலிருந்து எஸ்7 ரயில் வீன் மிட்டே நிலையத்துக்கு 25 நிமிடத்தில் வந்துவிடும்; பாதை வேலை நடக்கும் காலத்தில் வழி மாறலாம், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். விளம்பரப்படுத்தப்படும் தனி விரைவு ரயில் 16 நிமிடம் எடுக்கும், கட்டணம் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒன்பது நிமிடத்துக்காக அவ்வளவு கொடுக்கத் தேவையில்லை. நகரப் பாஸின் எல்லைக்கு வெளியே விமான நிலையம் இருப்பதால் அந்த நீட்சிக்கு மட்டும் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் நூறு யூரோவுக்கு மேல் போகும்.

செவில்லா: வெயில் வேண்டுவோருக்கு

அக்டோபரில் பகல் உச்ச வெப்பம் சராசரி 26 பாகை, நவம்பரில் 20. அதே நவம்பரில் வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் எட்டு, ஒன்பது. ஜூலையில் தாங்க முடியாத ஊர் இந்த இரண்டு மாதங்களில்தான் நடப்பதற்கு வசப்படுகிறது. பழைய நகரம் சமதரை. முதியவர்களுக்கும் குழந்தை வண்டி தள்ளுகிறவர்களுக்கும் நடக்க இதைவிட வசதியான ஊர் இந்தப் பட்டியலில் இல்லை. பேராலயத்தின் ஹிரால்டா கோபுரத்துக்கே படிக்கட்டு கிடையாது, 35 சாய்தளங்கள். கடைசியில் மட்டும் சில படிகள்.

அல்காசார் அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். பதிவு செய்த பெயர் கடவுச்சீட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். திங்கள் மாலை கடைசி ஒரு மணி நேரம் இலவச அனுமதி உண்டு என்பதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். அதற்கும் முன்பதிவு வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும், தோட்டத்துக்கே ஒரு மணி நேரம் பற்றாது. பேராலயம் ஞாயிறன்று மதியத்துக்குப் பிறகுதான் பார்வையாளர்களுக்குத் திறக்கும்.

சாப்பாட்டு நேரம் பலரைத் திணற வைக்கிறது. மதிய உணவு ஒன்றரைக்கு மேல், இரவு உணவு எட்டரைக்கு மேல். ஆறு மணிக்குப் பசித்தால் சமையலறை மூடியிருக்கும், தபாஸ் எனும் சிறு தட்டுப் பண்டங்களில் குளிர்ந்தவைதான் கிடைக்கும். சைவர்களுக்குக் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சமைத்த 'எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்' ஊரின் சொந்தப் பண்டம். 'சல்மோரேஹோ' என்ற தக்காளிக் கூழின் மேல் பன்றி இறைச்சித் துருவலைத் தூவித் தருவார்கள். "சின் ஹமோன்" என்று முன்பே சொல்ல வேண்டும்.

மழை ஒரு நாளைக் கெடுத்தால் செவில்லாவில் கூரைக்கடியில் செய்ய அதிகம் இல்லை. அப்போது அதிவேக ரயிலில் 45 நிமிடத்தில் கோர்தோபாவுக்குப் போய் அங்கே மசூதிப் பேராலயத்துக்குள் பாதி நாளைக் கழிக்கலாம்.

லிஸ்பனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதி என்றால் நான்கில் அதுவே முதலிடம். நவம்பரில் எங்கள் பட்டியலில் கடைசி. இந்த நான்கு ஊர்களில் அங்கேதான் நவம்பர் மழை அதிகம். அதன் அழகெல்லாம் குன்றுகளின் உச்சியிலிருந்து பார்க்கும் காட்சிகளில் இருக்கிறது. நடைபாதையில் பதித்த சுண்ணாம்புக் கற்கள் நனைந்தால் கண்ணாடிபோல் வழுக்கும், அதுவும் இறக்கத்தில். சிந்த்ராவின் பெனா அரண்மனையோ அடிக்கடி மேகத்துக்குள் மறைந்துவிடும்.

எனவே, அக்டோபர் பாதிக்குள் என்றால் லிஸ்பன். அக்டோபர் 15 முதல் நவம்பர் 10 வரை, நேரடி விமானம் இருக்கிற ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்குச் செவில்லா. வழியில் விமானம் மாற வேண்டுமென்றால் போக வர ஒவ்வொரு பகல் போய்விடும், அப்போது வேண்டாம். நவம்பரில் இருவராக, செலவைக் கட்டுப்படுத்திப் போகிறவர்களுக்குப் புடாபெஸ்ட். பெற்றோரோடும் பிள்ளைகளோடும் நவம்பரில் போக வேண்டியிருந்தால் வியன்னா.

நான்கு ஊர்களும் ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளில், இருக்கின்றன. விசா தேவைப்படுகிறவர்கள் பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி; ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் ஆகஸ்டிலேயே வேலையைத் தொடங்குங்கள். 2025 அக்டோபர் முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிகிறார்கள். முதல் தடவை போகிறவர்கள் திங்கள் மாலைத் திரும்பும் விமானத்துக்கும் கடவுச்சீட்டு வரிசைக்கென்று கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.