உடைந்த போல்ட் எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்

உடைந்த போல்ட், தலை மழுங்கிய ஸ்க்ரூ எடுக்கிற எக்ஸ்ட்ராக்டரில் மூன்று வகையை வாங்கி எட்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன். வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் போல்ட் எதனால் உடைந்தது? அது தெரியாமல் கையில் கிடைத்ததை உள்ளே திருகினால் ஒரு மணி நேர வேலை ஒரு வாரத்துக்கு இழுக்கும். எனக்கு இழுத்தது.

நான் இருப்பது தூத்துக்குடி, உப்பளம் பக்கம். இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. வண்டிக்கு உறை போட்டு வைத்தாலும் சைலன்ஸர் நட்டும் சைடு ஸ்டாண்டு போல்ட்டும் இரண்டு மழைக்குள் செம்பழுப்பாகிவிடும், அதனால் துருப்பிடித்த மரையோடு மல்லுக்கட்டுவது எங்கள் ஊரில் வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் பழகிப்போன வேலைதான்.

முதலில் வாங்கியது இரண்டு முனை உள்ள சின்ன பிட்டுகள், ஒரு பெட்டியில் நாலு. தலை போன ஸ்க்ரூவுக்கானது. முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் இருக்கிற இரண்டு பிளஸ் ஸ்க்ரூவும் வழுக்கிப் போயிருந்தன. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளில் பெரும்பாலும் இந்த ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ், அதாவது ஜப்பானியத் தர அளவு வகை. பார்க்க சாதாரண பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் நம் வீட்டுத் திருப்புளி அந்தக் குழியில் அடிவரை உட்காராது, அழுத்தித் திருப்பும்போது மேலே ஏறி வந்து தலையைத் தின்றுவிடும். இந்த பிட்டின் ஒரு முனையால் டிரில்லை ரிவர்ஸில் வைத்து மழுங்கிய தலையில் ஒரு கூம்புக் குழி போட வேண்டும், அப்புறம் பிட்டைத் திருப்பிப் போட்டு மறுமுனையை அந்தக் குழியில் அழுத்தி, மறுபடியும் ரிவர்ஸிலேயே, மெதுவாக, மிக மெதுவாகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் பல் கடிக்காமல் வழுக்கும், சூடேறி முனை போய்விடும். உடம்பு எடையை டிரில் மேல் கொடுத்து, விரலை ட்ரிக்கரில் லேசாக வைத்தால் போதும். இரண்டு ஸ்க்ரூவும் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டன. இந்த வகைக்கு முழு மார்க் கொடுப்பேன். கதவுக் கீல், மர அலமாரி, லேப்டாப் அடிப்பக்க ஸ்க்ரூ வரைக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவதுதான் எல்லாரும் எக்ஸ்ட்ராக்டர் என்றாலே நினைக்கிற சாமான். ஊசி மாதிரி நுனி சிறுத்து, இடப்பக்கம் சுற்றிய முறுக்கோடு இருக்கும், 1 முதல் 5 வரை நம்பர் போட்ட செட். உடைந்த போல்ட்டின் நடுவில் துளை போட்டு, இதை அதில் இறக்கி இடப்பக்கம் திருகினால் உள்ளே இறுகிக் கடித்துக்கொண்டு போல்ட்டையும் சேர்த்துச் சுற்றும். இதே செட்டில் ஒரு வேலை அருமையாக முடிந்தது, இன்னொரு வேலை முழுசாகக் கெட்டது.

முடிந்த வேலை: எஞ்சின் பக்கவாட்டு மூடியின் 6 எம்எம் போல்ட் ஒன்று, யாரோ முன்பு அளவுக்கு மீறி முறுக்கியதால் தலை துண்டாகி உள்ளேயே நின்றுவிட்டது. டிரில் நழுவாமல் இருக்க நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளிக் குழி அடித்து, ரிவர்ஸில் வெட்டும் இடக்கை டிரில் பிட் போட்டேன். இந்த பிட் வெட்டும் திசையும் போல்ட் கழலும் திசையும் ஒன்றே. துளை பாதி இறங்கியபோதே மிச்சத் துண்டு தானாகச் சுற்றி வெளியே வந்துவிட்டது, எக்ஸ்ட்ராக்டரைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. தலை போனதும் அந்தத் துண்டை இழுத்துப் பிடித்திருந்த இறுக்கமும் போய்விடுகிறது, மரையில் துரு இல்லை, அதனால் லேசாகத் தூண்டினாலே வந்துவிடும்.

கெட்ட வேலை சைலன்ஸர் ஸ்டட், அதாவது சைலன்ஸர் நட்டு ஏறுகிற, தலையில்லாத மரைக் கம்பி. எஞ்சினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டில் இறங்கியிருக்கும் 6 எம்எம் இரும்பு ஸ்டட், பத்து வருடச் சூடும் உப்புக் காற்றும் சேர்ந்து அதை ஹெட்டோடு ஒட்டிவிட்டிருந்தது. நட்டைக் கழற்றும்போது நட்டோடு சேர்ந்து முறிந்தது. நான் துளை போட்டு நம்பர் 2 எக்ஸ்ட்ராக்டரை இறக்கி, டேப் ஹேண்டில் என்கிற திருகு கைப்பிடியை மாட்டித் திருகினேன். கையில் ஒரு சின்ன 'டிக்'. எக்ஸ்ட்ராக்டரின் நுனி உள்ளே, மிச்சம் என் கையில்.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் கணக்கு புரிந்தது. முழு கனத்தோடு இருந்த ஸ்டட்டே அந்தத் துருவை வெல்ல முடியாமல் முறிந்தது. 6 எம்எம் ஸ்டட்டில் மரை போக மிஞ்சும் கனம் 5 எம்எம்முக்கும் கொஞ்சம் குறைவு. அதற்குள் போட்ட துளையில் நிற்கும் எக்ஸ்ட்ராக்டர் நுனி அதில் ஏறக்குறைய பாதி. ஒரே உலோகமாக இருந்தால், விட்டம் பாதியானால் முறுக்கைத் தாங்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். எக்ஸ்ட்ராக்டர் கடினமான எஃகு என்பதால் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும்தான், ஆனால் அதே கடினம் அதை வளையாமல் கண்ணாடி மாதிரி முறிய வைக்கிறது. போதாததற்கு, நுனி சிறுத்த ஆப்பு வடிவம் உள்ளே இறங்க இறங்க ஸ்டட்டின் மெல்லிய சுவரை வெளிப்பக்கம் தள்ளி, மரையை இன்னும் இறுக்குகிறது. துருவால் ஒட்டிக்கொண்டு முறிந்த போல்ட்டுக்கு இந்தச் சாமான் தோதானதே இல்லை. பெட்டி மேல் இதை ஒரு வரி அச்சடித்திருக்கலாம் என்பது என் பெரிய குறை.

உடைந்த நுனியைச் சாதாரண டிரில் பிட் கீறக்கூடச் செய்யாது. அதுவும் கடினப்படுத்திய எஃகுதானே, இரண்டு பிட் முனை போனதுதான் மிச்சம். ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த அண்ணாச்சி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உடைஞ்சதுமே கொண்டு வந்திருந்தா மேல ஒரு நட்ட வச்சு வெல்டு அடிச்சு, சூடு ஆறுறதுக்குள்ள திருப்பி எடுத்திருப்பேன்ல" என்றார். எனக்கு அதைக் கேட்டபோது உண்மையிலேயே வயிறு எரிந்தது. வெல்டிங் நட்டைப் பிடிப்பதோடு நிற்பதில்லை, அந்தச் சூடு துருவின் பிடியையும் உடைக்கிறது, அலுமினியமோ வெல்டு உலோகத்தோடு ஒட்டாது. கடைசியில் மில்லிங் மெஷினில் ஹெட்டைக் கட்டி, கார்பைடு கட்டரால் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து எடுத்து, பழைய மரை தேறாததால் ஹெலிகாயில், அதாவது புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள், போட்டுக் கொடுத்தார். செட்டின் விலையைப் போல மூன்று மடங்கு கூலி, ஆறு நாள் வண்டி இல்லை. அவர் வேலை சுத்தம், அதில் எனக்கு எந்தக் குறையும் கிடையாது.

அன்றிலிருந்து நான் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் துருவுக்குள் இறங்கும் எண்ணெய், ஒரு இரவு ஊற வேண்டும். டபிள்யூடி-40 எல்லார் வீட்டிலும் இருக்கும், அது 1953-இல் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்க உருவாக்கப்பட்டது, லேசான துருவுக்கு ஆகும். இறுகிப்போன ஸ்டட்டுக்கு அசிட்டோனும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கு ஊற்றுவது) சரிபாதி கலந்து சொட்டுவிடுகிறேன், ஆனால் அது பற்றிக்கொள்ளும், நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகே நெருப்பைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். அப்புறம் சூடு. பெட்ரோல் டேங்கை இறக்கி வைத்துவிட்டு ஹெட்டைத்தான் சூடாக்க வேண்டும், ஸ்டட்டை அல்ல, ஏனென்றால் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், துளை ஸ்டட்டை விட்டு விலகும். நட்டை ஒரே பக்கம் முறுக்காமல் கால் சுற்று இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, இப்படி முன்னும் பின்னுமாகப் போக வேண்டும். இரண்டாவது பக்க ஸ்டட்டை இப்படித்தான் எடுத்தேன், முறியவே இல்லை.

மூன்றாவது வகை எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட். உள்பக்கம் முறுக்குப் பல் வெட்டிய சாக்கெட், மூலை மழுங்கிய போல்ட் தலைக்கும் நட்டுக்கும். இதைப் பற்றி எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன், ஸ்டட் கதை இடத்தைப் பிடித்துக்கொண்டது. வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் பம்ப் மூடியில் நாலு 8 எம்எம் போல்ட், தலை 13 ஸ்பேனர் அளவு. துரு உதிர்ந்து உதிர்ந்து 13 லொடலொடவென்று ஆடியது, 12 ஏறவில்லை, பைப் ரெஞ்ச் போட்டவர்கள் மிச்ச மூலையையும் சீவிவிட்டுப் போயிருந்தார்கள். தலை மேல் ஏற மறுக்கிற அளவுக்கு ஒட்டி வரும் சாக்கெட்டைத் தேர்ந்தெடுத்து, சுத்தியலால் நாலு அடி அடித்து இறக்கி, நீளக் கைப்பிடியில் திருப்பினேன். முதல் போல்ட் 'கிரீச்' என்று கழன்றபோது மாடியிலிருந்து அம்மா என்ன ஆச்சு என்று கேட்கிற அளவுக்குச் சத்தம். நாலும் வந்தன. சாக்கெட்டுக்குள் சிக்கிய தலையைப் பின்பக்கத்திலிருந்து பஞ்ச் வைத்துத் தட்ட வேண்டும், அதுதான் கொஞ்சம் தொல்லை. இதன் பிடி வெளியிலிருந்து வருகிறது, போல்ட்டைப் பலவீனப்படுத்தித் துளை போடுவதும் இல்லை, அதனால் தலை முழுசாக மிஞ்சியிருக்கும் வரைக்கும் இதையே முதலில் எடுங்கள்.

வாங்கும்போது ஒரு விஷயம் பாருங்கள். சாக்கெட் என்றால் குரோம் மாலிப்டினம் என்று போட்டிருக்க வேண்டும், அடி தாங்கும். முறுக்கு எக்ஸ்ட்ராக்டர் செட்டில் இடக்கை டிரில் பிட்டும் சேர்ந்து வந்தால் இருநூறு ரூபாய் கூடப் போனாலும் அதையே வாங்குங்கள், எனக்குப் பயன்பட்டது அந்த பிட்டுகள்தான். 1, 2 நம்பர் எக்ஸ்ட்ராக்டர்களை நான் இப்போது தொடுவதில்லை, 10 எம்எம்முக்கு மேல் உள்ள போல்ட் உடைந்தால் 4, 5 நம்பருக்கு வேலை வரும், அதில் முறுக்கைத் தாங்கக் கனம் இருக்கிறது.

புதிய சைலன்ஸர் நட்டுக்கு மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவித்தான் போட்டேன். நேற்று சோதித்துப் பார்க்க ஒரு ஸ்பேனர் வைத்தேன், கையாலேயே கழன்றது.