செயலியில் தமிழ்: கைபேசியின் எழுத்துருவா, கூடவே அனுப்பும் எழுத்துருவா?

நான்கு மொழிகளில் வரும் மருந்தக முன்பதிவுச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் தமிழ்ப் பக்கத்துக்கு இரண்டு வழிகள்: கைபேசியில் ஏற்கெனவே உள்ள எழுத்துருவை நம்புவது, அல்லது நாமே ஒன்றைச் செயலியோடு அனுப்புவது.

ஐஃபோனில் தமிழ் சங்கம் எம்என் இருக்கிறது, மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்தது. ஆண்ட்ராய்டில் பொதுவாக நோட்டோ சான்ஸ் தமிழ். இரண்டுமே தெளிவானவை. பயனர் அமைப்பைப் பின்பற்றும் அளவுகளில் (ஆண்ட்ராய்டில் எஸ்பி, ஐஃபோனில் டைனமிக் டைப்) எழுதியிருந்தால் பயனர் அமைப்பில் பெரிதாக்கியதும் எழுத்து வளரும். குறை ஒன்றுதான்: கைபேசிக்குக் கைபேசி தோற்றம் மாறும்.

கூடவே அனுப்பினால் தோற்றம் எல்லாரிடமும் ஒன்றே. சீன எழுத்துருவுக்குப் பல மெகாபைட் ஆகும். தமிழுக்கு அந்தச் சுமை இல்லை. சிக்கல்கள் வேறு. சாதாரண எடையை (எழுத்தின் தடிமன் அளவை) மட்டும் சேர்த்துத் தலைப்பைத் தடிமனாக்கினால் கருவியே போலித் தடிப்பு பூசும்; ண, ஞ, இ எழுத்துகளின் சுழிகள் அடைந்துபோகும். கோப்பைச் சிறிதாக்க எழுத்துச் சேர்க்கை அட்டவணையை நீக்கினால் 'கு', 'டி' உடைந்து நிற்கும். ஐஃபோனில் பயனரின் எழுத்தளவோடு எழுத்துருவை இணைக்கும் யுஐஃபான்ட்மெட்ரிக்ஸ் என்ற நிரல் வசதி வழியாக இணைக்காவிட்டால், மூத்தோர் எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து அசையாது.

படிவம், முன்பதிவு, அறிவிப்பு ஆகியவற்றுக்குக் கைபேசி எழுத்துருவே போதும். நீண்ட வாசிப்புக்கான செயலியென்றால் தனி எழுத்துரு அனுப்பலாம், இரண்டு எடைகளோடு.

எதை எடுத்தாலும் கோட்டைவிடும் இடம் எழுத்து நிற்கும் பெட்டிதான். ஆங்கிலத்துக்கு அளந்த உயரத்தைப் பூட்டினால் மேலே புள்ளியும் கீழே 'ழு'வின் வாலும் வெட்டுப்படலாம். புள்ளி போனால் 'கட்டணம்', 'கடடணம' ஆகிவிடும். வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.5 மடங்கு இருக்கட்டும். பெட்டிக்குக் குறைந்தபட்ச உயரம் மட்டும் வையுங்கள்.

பொத்தானில் இதைவிடப் பெரிய ஆபத்து. தமிழில் வினை கடைசியில் வரும். ஒரே வரி என்று கட்டிப்போட்டால் 'முன்பதிவை மாற்று', 'முன்பதிவை ரத்து செய்' இரண்டுமே 'முன்பதிவை…' என்று நின்றுவிடும். எது ரத்து என்று எப்படித் தெரியும்? இரண்டு வரிக்கு இடம் விடுங்கள், அல்லது 'மாற்று', 'ரத்து செய்' என்று வினையை மட்டும் போடுங்கள்.

எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும். வெள்ளைமேல் #999999 சாம்பல் 2.8தான் தரும், #767676 ஒருவழியாகத் தாண்டும்.

வெளியிடும் முன் ஆண்ட்ராய்டு 14இல் எழுத்தை 200 விழுக்காட்டுக்கு ஏற்றிப் பாருங்கள். '45 வெள்ளி 50 காசு' முழுதாகத் தெரிகிறதா, ரத்துப் பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டதா என்பதை முதலில் கவனியுங்கள்.