இரண்டாவது பிஎஸ்5: பயலுகளை வேறு வச்ச கதை

“அயித்தான், ரெண்டாவதா ஒரு பிஎஸ்5 வாங்கலாமா?” போன வாரம் தேவகோட்டையிலிருந்து மைத்துனன் கேட்டான். “வாங்குடா” என்று போனை வைத்துவிட்டேன். அப்போதிருந்து மனசு கேட்கவில்லை.

பிஎஸ்5 என்பது டிவியில் மாட்டி கேம் ஆடுகிற சோனி பெட்டி. எங்கள் வீட்டுக்கு முதல் பெட்டி 2021இல் வந்தது. டிஸ்க் போடுகிற மாடல், 49,990 ரூபாய். அதன்மேல் ஒரு குறையும் கிடையாது. டிவி ஒன்று, பயல்கள் இரண்டு, அதுதான் வம்பு. பெரியவன் கிரிக்கெட் 24 என்கிற கேமில் 50 ஓவர் மேட்ச் ஆரம்பித்தால் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டான். சின்னவனுக்கு மைன்கிராஃப்ட். யாரை நிறுத்தச் சொன்னாலும் வளவே அதிரும்.

ரிமோட் பிளே இருக்கிறதே, சின்னவன் போனில் ஆடட்டும் என்று நினைத்தேன். எங்கள் பள்ளத்தூர் வீட்டுச் சுவரைத் தாண்டி முகப்பு வைஃபை பின்னால் இருக்கிற இரண்டாங்கட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி செத்துவிடும். போகட்டும், நல்ல வைஃபை இருந்தாலும் பிரயோசனம் இல்லை. அந்தப் பெட்டியில் ஓடுகிற படத்தைத்தான் அது போனுக்கு அனுப்புகிறது. டிவியில் ஒருத்தன் ஒரு கேம், போனில் இன்னொருத்தன் வேறு கேம் என்பது நடக்காது. இது உறைத்த அன்றுதான் இரண்டாவது வாங்குவதென்று முடிவானது.

2024இல் ஸ்லிம் என்கிற ஒல்லி பிஎஸ்5 இங்கே வந்தபோது டிஸ்க் மாடல் 54,990, டிஸ்க் இல்லாத டிஜிட்டல் 44,990. பத்தாயிரம் மிச்சம் என்று டிஜிட்டலைத் தூக்கிக்கொண்டு வந்து, புது டிவியோடு இரண்டாங்கட்டில் மாட்டினேன். ஆத்தா வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: “என்னப்பா, கல்யாணத்துக்கு முந்தியே பயலுகளை வேறு வச்சிட்டியா?” கல்யாணமான மகனைத் தனிக்குடித்தனம் வைப்பதைத்தான் எங்கள் பக்கம் வேறு வைப்பது என்போம்.

வேறு வைத்ததில் வீடு அமைதியானது நிஜம். கன்சோல் ஷேரிங் என்று ஒரு வசதி உண்டு. ஒரு கணக்குக்கு ஒரு பிஎஸ்5இல் மட்டும் போடலாம். என் கணக்குக்கு அதைப் பின்கட்டுப் பெட்டியில் போட்டுவிட்டேன். நான் டிஸ்க் இல்லாமல் நெட்டில் டிஜிட்டலாக வாங்கிய கேம்களை அங்கே சின்னவன் அவன் கணக்கில் ஆடுவான். அதே நேரத்தில் முன்னால் பெரியவன் என் கணக்கில் ஆடுவான். ஒரு காசுக்கு இரண்டு வீட்டுச் சாப்பாடு. இதை மட்டும் எத்தனை பாராட்டினாலும் தகும்.

ஆனால் அந்தப் பத்தாயிரம்! அலமாரி நிறைய டிஸ்க் வைத்திருக்கிறேன், ஒன்றுகூடப் பின்னால் ஓடாது. சின்னவனுக்கும் இப்போது கிரிக்கெட் பைத்தியம் பிடித்துவிட்டது. டிஸ்க்கின் ஓட்டையில் விரலை மாட்டிச் சுற்றிக்கொண்டே முன்கட்டுக்கு வந்து நிற்கிறான். ஒருநாள் அது கழன்று ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கிக்கொண்டு போய் முற்றத்துத் தண்ணீரில் விழுந்தது. ஓரத்தில் பிறை மாதிரி கீறல். ஓடுகிறது, ஆனால் போடும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் புளி கரைகிறது. ஸ்லிம்மில் டிஸ்க் டிரைவைத் தனியாக மாட்டலாம்தான். அதற்கும் காசு கொடுத்தால் நான் மிச்சம் பிடித்தது என்ன?

இன்னொன்று, ஷேரிங் பின்பெட்டியில் இருப்பதால், நெட் போனால் முன்பெட்டியில் டிஜிட்டல் கேம்கள் மேல் பூட்டு விழுந்துவிடும். பின்னால் ஓடும். உடனே பெரியவன் எங்கே ஓடுவான் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே தம்பி, போனில் சொன்னதை மறந்துவிடு, வாங்காதே. கேட்க மாட்டாய், தெரியும். வாங்கினால் டிஸ்க் மாடலாகப் பார்த்து வாங்கு. கூடவே இன்னொரு டிவிக்கும் பணம் எடுத்து வை. நான் வாங்கிய டிவி என்ன விலை என்று மட்டும் உங்க ஆச்சி, அதாவது உன் அக்கா, கேட்டால், உனக்கு ஒன்றும் தெரியாது.